நகராத சைக்கிளில் பழகியவன் சாலைக்கு வந்தபோது

மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். கால்களில் நல்ல வலு இருந்தது. முன்பு மூச்சிரைத்த வேகத்தில் இப்போது பேசிக்கொண்டே போக முடிந்தது. முட்டுக்காடு தாண்டியதும் தாகம் எடுத்தது. சட்டத்தில் மாட்டியிருந்த பாட்டிலை எடுக்க ஒரு கையை விட்டுக் குனிந்தேன். சைக்கிள் இடப்பக்கமாகச் சாய்ந்து, தார் விளிம்பைத் தாண்டி மணலில் இறங்கிவிட்டது. விழவில்லை. பின்னால் வந்த நண்பர் மட்டும் தன் வாழ்நாள் வசவுகளில் பாதியை அங்கேயே செலவழித்தார்.

அதே பாட்டிலை அறைக்குள் நூறு முறையாவது எடுத்துக் குடித்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டுகூட எடுத்திருக்கிறேன். அங்கே சைக்கிளை ஓர் இரும்புச் சாதனம் பிடித்துக்கொண்டிருந்தது. சாலையில் பிடித்துக்கொள்ள என்னைத் தவிர யாரும் இல்லை என்பதைக் கை மறந்துபோயிருந்தது.

ட்ரையத்லான் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் சில கேள்விகளில் இது ஒன்று: வீட்டுக்குள் ஓட்டினால் போதுமா, சாலைக்குப் போயே ஆக வேண்டுமா? இரண்டு கட்சியிலும் தீவிரமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு இடங்களும் இரண்டு வெவ்வேறு பாடங்களை நடத்துகின்றன. எந்தப் பாடம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் சண்டைக்கு வேலை குறைந்துவிடும்.

முதலில் போட்டியைப் பார்ப்போம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்வது ட்ரையத்லான். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதி 'ஸ்பிரின்ட்', புதியவர்களுக்கு ஏற்றது. 2019 அக்டோபரில் கோவாவில் முதன்முறையாக நடந்த 'அயர்ன்மேன் 70.3' போட்டிக்குப் பிறகு நம் பக்கத்திலும் பலர் கனவு காண்பது 1.9, 90, 21.1 கிலோமீட்டர் என்ற அரைத் தூரத்தை. 70.3 என்பது அந்த மூன்றையும் கூட்டினால் வரும் மைல் கணக்கு. முழுத் தூரம் இதற்கு இரு மடங்கு: 3.8, 180, 42.2.

எந்தத் தூரமானாலும் நேரக் கணக்கில் பெரும்பங்கைத் தின்பது சைக்கிள்தான். ஆறரை மணி நேரத்தில் அரைத் தூரத்தை முடிக்கும் ஒருவர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சைக்கிளில்தான் உட்கார்ந்திருப்பார். அதோடு சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓட வேண்டும். ஆகவே இங்கே நல்ல சைக்கிள் ஓட்டம் என்றால் வேகமாகப் போய், ஓடுவதற்குக் காலை மிச்சம் வைத்துக்கொண்டு இறங்குவது.

டிரெய்னர் என்னும் சாதனம்

வீட்டுக்குள் ஓட்டுவது என்றால் உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் நிலைவண்டியையும் சொல்லலாம். ஆனால் ட்ரையத்லான்காரர்கள் பெரும்பாலும் சொந்தச் சைக்கிளையே டிரெய்னர் என்ற சாதனத்தில் மாட்டி ஓட்டுகிறார்கள். போட்டியில் எந்த இருக்கையில், எந்த உயரத்தில் உட்காரப் போகிறோமோ அதிலேயே பழகுவது நல்லது என்பதால்.

இதில் மூன்று வகை உண்டு. ஒன்று உருளைகள். மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை அப்படியே நிறுத்தி ஓட்ட வேண்டும். யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். கவனம் சிதறினால் பக்கத்துச் சுவரில் போய் மோதலாம். சமநிலையைக் கற்றுத்தரும் சாதனம், ஆனால் முதல் வாரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரின் மேல் ஓர் உருளையை அழுத்தும் வகை. விலை குறைவு, சத்தம் அதிகம், டயரும் தேயும். மூன்றாவது, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராகச் சாதனத்தின் பற்சக்கரத்தில் மாட்டும் வகை. விலை அதிகம், சத்தம் குறைவு, அளவு துல்லியம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் எதை வாங்கினாலும் அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட்டுவிடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கீழ்வீட்டு மாமியின் தலைக்கு மேல் ஆலை ஓடினால் பயிற்சி அன்றோடு முடிந்துவிடும்.

இப்போது வரும் 'ஸ்மார்ட்' டிரெய்னர்கள் நீங்கள் எத்தனை வாட் திறனில் மிதிக்கிறீர்கள் என்று அளந்து சொல்கின்றன. கணினியோ கைப்பேசியோ சொல்லும்போது எதிர்ப்பைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. திரையில் மலை வந்தால் பெடல் கனக்கும். 'ஸ்விஃப்ட்' போன்ற செயலிகள் (மாருதி கார் இல்லை) இதை வைத்து ஒரு கற்பனைத் தீவையே கட்டி, உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்களை ஒரே சாலையில் ஓட்டவிடுகின்றன. 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு இப்படித் திரையில் நடக்கும் பந்தயத்துக்கு முதல் உலகச் சாம்பியன் பட்டமே கொடுத்தது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது ஜெர்மனியின் படகுப் போட்டி வீரர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்பு போட்டு வெள்ளியும் வாங்கினார்.

வாட் கணக்கு

வேகத்தை வைத்துப் பயிற்சியை அளந்தால் ஏமாறுவோம். எதிர்க்காற்றில் 24 கிலோமீட்டர் வேகம் கடும் உழைப்பாக இருக்கும். திரும்பி வரும்போது 34 கிலோமீட்டர் வேகம் உல்லாசப் பயணமாக இருக்கும். வாட் அப்படி ஏமாற்றாது. பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறீர்கள் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் திறன்.

பயிற்சியாளர்கள் எஃப்டிபி என்று ஒரு சொல்லை அடிக்கடி சொல்வார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சத் திறன் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு மணி நேரம் அப்படி மிதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது என்பதால், 20 நிமிடம் முழுமூச்சாக மிதித்து, சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். 20 நிமிடச் சராசரி 210 வாட் என்றால் எஃப்டிபி சுமார் 200. பிறகு எல்லாப் பயிற்சியும் இதன் சதவீதமாகப் பேசப்படும். இலேசான நாள் என்றால் 60 சதவீதம் போல. அரைத் தூரப் போட்டியில் புதியவர் 75 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் ஓடுவதற்குக் கால் மிஞ்சும்.

அறையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. எட்டு நிமிடம் 180 வாட், நான்கு நிமிடம் இளைப்பாறல், இதுபோல் மூன்று முறை என்று திட்டம் போட்டால், அறையில் அதை நொடி பிசகாமல் செய்யலாம். சாலையில் மூன்றாவது நிமிடத்தில் சிக்னல் விழும், ஐந்தாவது நிமிடத்தில் எருமை கடக்கும், ஏழாவது நிமிடத்தில் எதிர்த்திசையில் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து நம்மையே முறைப்பார். மேலும் சாலையில் கால் சும்மா இருக்கும் நேரம் நாம் நினைப்பதைவிட அதிகம். இறக்கம், வளைவு, வேகத்தடை, முன்னால் போகிறவர் காற்றை மறைத்துத் தரும் நிழல் என்று ஒவ்வொன்றிலும் பெடலை நிறுத்திவிடுகிறோம். டிரெய்னரில் இறக்கம் என்று ஓய்வெடுக்க முடிவதில்லை. ஒரு மணி நேரம் என்றால் கால் உண்மையாகவே ஒரு மணி நேரம் சுற்றுகிறது. வீட்டில் ஒரு மணி, சாலையில் ஒன்றரை மணிக்குச் சமம் என்றெல்லாம் சிலர் வாய்ப்பாடு சொல்வார்கள். எந்தச் சாலை, எந்தப் பயிற்சி என்று கேட்காமல் சொல்லும் வாய்ப்பாட்டை நான் நம்புவதில்லை. ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதற்குக் காரணம், டிரெய்னரில் கால் ஓயாமல் சுற்றுவதுதான்.

ஸ்மார்ட் டிரெய்னரில் எர்க் என்றொரு முறை உண்டு. 180 வாட் என்று வைத்துவிட்டால், நீங்கள் எப்படிச் சுற்றினாலும் சாதனம் 180-லேயே பிடித்து வைக்கும். கேட்க வசதிதான். ஆனால் களைத்துப்போய்ச் சுற்றும் வேகம் குறைந்தால், பெருக்கல் சரியாக வர வேண்டுமே என்று சாதனம் எதிர்ப்பைக் கூட்டும். எதிர்ப்பு கூடியதால் கால் இன்னும் மெதுவாகும். சாதனம் இன்னும் கூட்டும். பத்து நொடியில் பெடல் கல்லாகிவிடும். புதியவர்கள் தங்களுக்கு மாரடைப்பே வந்துவிட்டதாக நினைக்கும் இடம் இது. அந்த நேரத்தில் எர்க்கை அணைத்துவிட்டு, இலேசாகச் சுற்றி வேகம் பிடித்த பிறகு மீண்டும் போட வேண்டும், அவ்வளவுதான்.

விசிறியை முதலில் வாங்குங்கள்

வீட்டுக்குள் ஓட்டுவதில் எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது வெப்பத்தை. உடல் ஒரு மோசமான இயந்திரம். உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெடலுக்கு அனுப்புகிறது. மீதி அத்தனையும் சூடாக வெளியே வருகிறது. நீங்கள் 200 வாட் மிதித்தால் உடம்பு சுமார் 700 வாட் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஓர் இஸ்திரிப்பெட்டியை உள்ளே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல.

இந்தச் சூட்டை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். 700 வாட் ஒரு மணி நேரத்துக்கு 2,520 கிலோஜூல். ஆக மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாக வேண்டும். 'ஆவியாக' என்பதுதான் இதில் முக்கியமான சொல். தரையில் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி ஒன்றும் இல்லை, துடைக்கும் வேலைதான் மிச்சம். சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருக்கும்போது, மூடிய அறையில் அசையாமல் உட்கார்ந்து மிதித்தால் பத்தே நிமிடத்தில் உடம்பைச் சுற்றி நாமே ஒரு ஈரப் போர்வையை நெய்து போர்த்திக்கொள்கிறோம். சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 30 கிலோமீட்டர் காற்று இலவசம்.

அறையில் அந்தக் காற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். மேலே சுற்றும் மின்விசிறி போதாது. அது உச்சந்தலையைத் தடவிவிட்டுப் போகும். நெஞ்சுக்கு நேராக, பலமாக அடிக்கும் நிற்கும் விசிறி வேண்டும். முடிந்தால் முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தையும் குறைக்கும் என்பதால் இன்னும் நல்லது. மின்கட்டண மாதம் வரும்போது வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு நான் பொறுப்பில்லை. விலை உயர்ந்த டிரெய்னரை வாங்கிவிட்டு விசிறிக்குக் கஞ்சத்தனம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய டிரெய்னரும் நல்ல விசிறியும் வைத்திருப்பவர் அவர்களைவிட நன்றாகப் பயிற்சி செய்வார்.

விசிறி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே 150 வாட்டில் மிதித்துக்கொண்டே இருந்தாலும் இதயத்துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். இரத்தத்தின் ஒரு பகுதி சூட்டை வெளியேற்றத் தோலுக்குப் போய்விடுகிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. இருப்பதை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. கால் களைக்கும் முன்பே உடல் 'போதும்' என்கிறது. அறைக்குள் எடுத்த எஃப்டிபி பலருக்குச் சாலையில் எடுத்ததைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே அறைக்கு ஓர் எண், சாலைக்கு ஓர் எண் என்று தனித்தனியே வைத்துக்கொள்வதே விவேகம். சாலை எண்ணை வைத்து அறையில் மிதித்துத் தோற்றுப்போய், தன் உடம்பைத் தானே திட்டிக்கொள்வதில் பயனில்லை.

சூடான ஊரில் போட்டி என்றால் இந்த வெப்பத்தையே வேண்டுமென்று பயன்படுத்துகிறவர்களும் உண்டு. பத்து பதினான்கு நாட்கள் தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் இலேசாக மிதித்தால் உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கப் பழகிக்கொள்ளும். அனுபவம் உள்ளவர்கள், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம் அது. தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். புதியவர்கள் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், வெறும் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டு துண்டுகள் என்று உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துண்டு ஒன்றை ஹேண்டில்பாரின் மேல் போட வேண்டும். வியர்வையின் உப்பு போல்ட்டுகளுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் அரித்துவிடும். ஒரு வருடம் கழித்துக் கழற்றப் பார்த்தால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும். இன்னொரு துண்டு முகத்துக்கு.

அறையில் உடம்பு படும் இன்னொரு பாடு இருக்கை. சாலையில் மேடு பள்ளத்தில் நாம் அறியாமலேயே எழுந்து உட்கார்ந்து இடம் மாறிக்கொண்டிருக்கிறோம். டிரெய்னரில் சைக்கிள் ஆடாது, நாமும் ஆடுவதில்லை. அரை மணி நேரத்தில் மரத்துப்போகும், பிறகு புண் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நின்று மிதித்தால் போதும்.

வேகமானி சொல்லாத விஷயம்

சமதளத்தில் ஓரளவு வேகம் பிடித்த பிறகு சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போகிறது. அதுவும் நேர்க்கணக்காக ஏறுவதில்லை. வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் 70 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. அதனால்தான் ட்ரையத்லான் சைக்கிள்களில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரோ பார் இருக்கிறது. முழங்கையை ஊன்றி, முதுகைத் தாழ்த்தி, உடலைச் சின்னதாக்கிக்கொள்வதற்கு.

அறையில் காற்றை எதிர்க்க வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாலும் குனிந்து படுத்தாலும் திரை ஒரே வேகத்தைத்தான் காட்டும். ஆகவே திரை காட்டும் கிலோமீட்டர்களைப் பெருமையாகச் சேர்த்து வைக்காதீர்கள். நிமிடமும் வாட்டும்தான் அங்கே செல்லும் நாணயம். ஆனால் ஏரோ நிலையில் கழுத்தும் இடுப்பும் எவ்வளவு நேரம் தாங்குகின்றன என்று பழக அறை அருமையான இடம். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு இருபது என்று நீட்டிக்கொண்டு போகலாம். இதே பழக்கத்தை நம் ஊர்ச் சாலையில் தொடங்குவது ஆபத்து. ஏரோ பாரில் கை இருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது.

சாலை மட்டுமே தரும் பாடங்கள்

ஆஸ்திரேலிய சைக்கிள் வீரர் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். சாலையில் ஓட்ட முடியாத வாரங்களில் வீட்டில் டிரெய்னரில் மிதித்துத் தள்ளினார். ஏப்ரல் 10 அன்று, கருங்கல் பாவிய பாதைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தில், அதை நான்கு முறை வென்றிருந்த டாம் போனனைக் கடைசி வேகப்பாய்ச்சலில் முந்தி வென்றார். அறைக்குள் ஓட்டுவதை ஆதரிக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, அதே பந்தயத்தில் அவர் அதற்கு முன் பதினான்கு முறை ஓட்டியிருந்தார் என்பதை. எந்தக் கல்லில் சக்கரம் வழுக்கும் என்று அவருடைய கைக்கு ஏற்கெனவே தெரியும். அறை அவருடைய இதயத்தையும் காலையும் பாதுகாத்துக் கொடுத்தது. மீதி அவரிடமே இருந்தது.

ட்ரையத்லானிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கனடாவின் லயனல் சாண்டர்ஸ், சைக்கிள் பயிற்சியின் பெரும்பகுதியை வீட்டு டிரெய்னரில் செய்வதற்காகவே பெயர் பெற்றவர். 2017-இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். அறைக்குள் எவ்வளவு பெரிய எஞ்சினைக் கட்டலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனால் உங்களுக்கும் எனக்கும் முதலில் வேண்டியது எஞ்சின் இல்லை, ஓட்டுநர்.

அந்தக் கோனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைக் குழம்பு உறைந்த கரிய வெளியின் நடுவே போகும் நெடுஞ்சாலையில், ஹாவி என்ற ஊரை நெருங்கும்போது பக்கவாட்டில் காற்று அறையும். முழுத் தட்டாக மூடிய சக்கரங்களை அங்கே பல ஆண்டுகள் தடை செய்திருந்தார்கள், காற்று ஆளோடு தள்ளிவிடும் என்பதால். பக்கக் காற்று வந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தோளைத் தளர்த்தி, சைக்கிளைச் சற்றே காற்றின் பக்கம் சாயவிட வேண்டும். இதை எத்தனை முறை படித்தாலும் வராது. ஒருமுறை காற்றடிக்கும் பாலத்தில் பயந்துகொண்டே கடந்தால் பாதி வந்துவிடும்.

புதியவர் சாலையில் பழக வேண்டியவை பெரிய வித்தைகள் இல்லை. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் இல்லை. வெளிப்பக்கக் கால் கீழே இருக்க வேண்டும். மேட்டில் ஏறத் தொடங்கும் முன்பே கியரை இறக்க வேண்டும். பாதி மேட்டில் மாற்றினால் செயின் முனகும், சில சமயம் கழன்றும் போகும். போட்டிகளில் பெரும்பாலும் ஒரு கூம்பைச் சுற்றி முழுதாகத் திரும்ப வேண்டியிருக்கும். அறையில் மாதக்கணக்கில் பழகியவர்கள் அந்தக் கூம்பில்தான் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார்கள். பார்வை எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் இறங்குவோம்.

பாட்டில் எடுப்பதை ஆளில்லாத மைதானத்திலோ விடுமுறை நாளில் காலியான உள்சாலையிலோ பழகுங்கள். முதலில் ஒரு கையை எடுத்துத் தொடையில் வைத்து ஓட்டுவது, பிறகு பாட்டிலைத் தொட்டுவிட்டு வருவது, பிறகு எடுத்து வைப்பது. அரை மணி நேரம் போதும். நான் மணலில் இறங்கிய பிறகுதான் இதைச் செய்தேன்.

விதிகளும் சாலையில்தான் புரியும். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும். குறித்த கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். திரும்பி வரும்போது அடுத்த கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நீண்ட தூரப் போட்டிகளில் முன்னால் போகிறவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது. அயர்ன்மேன் போட்டிகளில் சாதாரணப் போட்டியாளர்கள் முன்னால் போகிறவருக்குப் பின்னால் விட வேண்டிய இடைவெளி 12 மீட்டர். ஒலிம்பிக்கில் ஒட்டிப் போக அனுமதி உண்டு என்பதால் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள். 12 மீட்டர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குப் பிடிபட வேண்டுமானால் ஒருமுறை நண்பரோடு சாலையில் போக வேண்டும். நினைத்ததைவிட நீளமாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு நம் ஊர்ச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் சைக்கிள் கூட்டம் கிளம்புவது நெரிசலுக்குப் பயந்துதான். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் அந்த நேரத்தில் கிளம்பாதீர்கள். தனியே போவதைவிடக் கூட்டமாகப் போவது நல்லது. காதில் பாட்டு வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் பள்ளம் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. அந்த நாட்களில் வீட்டில் மிதிப்பதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வாரத்தைப் பிரிப்பது

நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். சைக்கிளில் உறுதி இல்லாதவர் முதல் மாதம் டிரெய்னரே வாங்க வேண்டாம். மைதானமும் அமைதியான சாலையும் போதும். கை பழகிய பிறகு வாரத்துக்கு மூன்று முறை ஓட்ட நேரம் இருந்தால், வேலை நாட்களில் இரண்டு முறை வீட்டில், 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை. ஒன்றில் மேலே சொன்ன எட்டு நிமிடத் துண்டுகள், மற்றொன்றில் இலேசாக, ஏரோ நிலையில். ஞாயிறு விடியலில் நீண்ட சவாரி சாலையில். இரண்டு மணியில் தொடங்கி, போட்டித் தூரத்துக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம். போட்டியில் என்ன தின்னப் போகிறீர்களோ, கடலைமிட்டாயோ வாழைப்பழமோ, அதை அந்தச் சவாரியிலேயே தின்று பாருங்கள். வயிறு ஒத்துக்கொள்ளுமா என்பது போட்டியன்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களும் இதயத் தொந்தரவு உள்ளவர்களும் அந்த எட்டு நிமிடத் துண்டுகளைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் 'பிரிக்' என்று பெயர், செங்கல். ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் கால்கள் அப்படித்தான் இருக்கும், வேறு யாருடையதையோ கடன் வாங்கி வந்தது போல. இதற்கு வீடு மிக வசதி. ஓட்டக் காலணியை டிரெய்னரின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மிதித்து முடித்ததும் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவில் பத்து நிமிடம் ஓடிவிட்டு வரலாம். சைக்கிளை எங்கே பூட்டுவது என்ற கவலையும் இல்லை.

போட்டிக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் தராசைச் சாலைப் பக்கம் சாய்த்துவிடுங்கள். அப்போது சைக்கிளை டிரெய்னரிலிருந்து கழற்றுவீர்கள். பின்சக்கரத்தை மாட்டி அச்சை இறுக்கியபின் சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை சுற்றிவிடுங்கள். பிரேக் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். டிரெய்னரின் பற்சக்கரத்துக்கும் உங்கள் சக்கரத்தின் பற்சக்கரத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் செயின் தாவும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அந்தப் பின்டயரில் காற்று இருக்காது. பிறகு தெரு முனை வரை போய், இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அறைக்குள் அவற்றுக்கு வேலையே இருந்திருக்காது.